28 கிராமுக்குள் அடங்கிய சண்டை

தூண்டிலில் ஈயத்தைக் கட்டுவதற்குக் கனம் மட்டும் காரணமில்லை. ஈயம் 327 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். சாதாரண அடுப்பில் உருக்கி, அச்சில் ஊற்றி யாரும் குண்டு செய்துகொள்ளலாம். அப்புறம், அது மெத்தென்ற உலோகம். நடுவில் கீறல் விட்ட ஒரு சிறு குண்டைத் தூண்டில் நரம்பில் மாட்டி விரலால் அழுத்தினாலே கவ்விக்கொள்ளும். பலர் பல்லால் கடித்து அழுத்துகிறார்கள். ஈயத்தூள் வயிற்றுக்குள் போக அதைவிடச் சுருக்குவழி கிடையாது. விலையும் மலிவு என்பதால் தூண்டில் பெட்டியில் இதற்கு நெடுங்காலம் போட்டியே இருந்ததில்லை.

அறுந்து ஆற்றில் விழும் குண்டு தண்ணீரை விஷமாக்கிவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலான இடங்களில் அப்படி நடப்பதில்லை. தண்ணீரில் கிடக்கும் ஈயத்தின் மேல் கார்பனேட் படலம் படிந்துவிடுகிறது. அதன்பின் அது கரைவது மிக மெதுவாகத்தான். மென்மையான, அமிலத்தன்மையுள்ள நீரில் மட்டும் சற்று வேகம் கூடும். குண்டு அடியிலேயே கிடந்தால் இவ்வளவு பெரிய விவாதம் எழுந்திருக்காது. ஒரு பறவை அதை விழுங்கும்போதுதான் கதை மாறுகிறது.

பறவைக்குப் பல் கிடையாது. இரைப்பையை அடுத்து, தடித்த தசையாலான அரைவைப்பை ஒன்று இருக்கிறது. நீர்ப்பறவைகள் பல சிறு கற்களைத் தேடி விழுங்கி அங்கே வைத்துக்கொள்ளும். தசை இறுகும்போது கற்கள் உரசி உணவை அரைக்கும். பறவையின் அம்மியும் குழவியும் அதுதான். அந்தக் கற்களோடு ஒரு ஈயக்குண்டும் சேர்ந்துவிட்டால், மேலே படிந்த படலம் தேய்ந்துபோகும். புதுப்புது ஈயப் பரப்பு வெளியே தெரியும். இரைப்பையிலிருந்து வரும் அமிலம் அதைக் கரைத்து இரத்தத்தில் சேர்க்கும். ஆற்றின் அடியில் பல்லாண்டு ஆகும் வேலை இங்கே சில வாரங்களில் முடிந்துவிடுகிறது.

இரத்தத்தில் கலந்த ஈய அயனியைக் கால்சியம் என்று உடல் ஏமாந்துவிடும். நரம்புகள் செய்தி அனுப்புவது கால்சியத்தை நம்பித்தான், அதனால் அங்கே குழப்பம். ஹீமோகுளோபின் தயாரிப்பில் பங்குள்ள ஒரு நொதியையும் ஈயம் முடக்குவதால் இரத்தசோகை வருகிறது. தசைகள் தளர்கின்றன. ஈயம் தின்ற ‘ஊமை அன்னம்’ என்ற இனப் பறவைக்கு நீண்ட கழுத்தை நிமிர்த்தி வைக்க முடியாது. அடிக்கழுத்து வளைந்து முதுகின்மேல் சாய்ந்துகிடக்கும். குடல் நகராததால் தின்ற புல் தொண்டை வரை அடைத்து நிற்கும். வயிறு நிறைந்திருக்கும்போதே அது பட்டினியால் சாகிறது.

பிரிட்டனில் 1970களிலும் 80களின் தொடக்கத்திலும் இது பெரிய சிக்கலாக இருந்தது. தேம்ஸ் போன்ற ஆறுகளில் இறந்த அன்னங்களைப் பிரித்துப் பார்த்தபோது திரும்பத் திரும்பத் தூண்டில் குண்டு கிடைத்தது. 1987 முதல் 0.06 கிராமுக்கும் 28.35 கிராமுக்கும் இடைப்பட்ட ஈயக்குண்டுகளை விற்கவும் இறக்குமதி செய்யவும் தடை வந்தது. மேல் வரம்பு சரியாக ஒரு அவுன்ஸ். அதைவிடப் பெரியதைக் கல் என்று நினைத்து அன்னம் விழுங்காது என்பது கணக்கு. ஆற்றடியில் பழைய ஈயம் கிடந்ததால் சாவுகள் உடனே நிற்கவில்லை. ஆனாலும் அடுத்த பத்தாண்டில் அன்னங்களின் எண்ணிக்கை நன்றாகவே ஏறியது.

அமெரிக்காவில் சண்டை வேறொரு பறவையைச் சுற்றி நடக்கிறது. லூன் என்பது ஏரியில் மூழ்கி மீன் பிடிக்கும் பறவை. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் இறந்து கிடைத்த வளர்ந்த லூன்களை ஆய்வாளர்கள் 1989 முதல் பரிசோதித்து வருகிறார்கள். அவற்றின் சாவுக்கு மிகப் பெரிய காரணம் தூண்டில் ஈயம்தான். எக்ஸ்ரே படத்தில் வயிற்றுக்குள் குண்டு பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். சில படங்களில் பக்கத்திலேயே தூண்டில் முள்ளும் இருக்கும்.

அந்த முள்தான் முக்கியமான தடயம். லூன்களும் கல் விழுங்குபவைதான். ஆனால் அடியில் கிடக்கும் பழைய ஈயம்தான் காரணம் என்றால், சாவுகள் மீன்பிடிக் காலத்தையொட்டி ஏற வேண்டியதில்லை. அவை உச்சத்தைத் தொடுவது ஜூலை, ஆகஸ்டில், அதாவது ஏரிகளில் தூண்டில்காரர்கள் நிறைந்திருக்கும் மாதங்களில். ஈயம் தின்ற லூன் இரண்டு முதல் நான்கு வாரத்தில் இறந்துவிடும். ஆக, நரம்பை அறுத்துக்கொண்டு ஓடிய மீனையோ, இழுபடும் தூண்டிலையோ அது அந்தப் பருவத்திலேயே விழுங்கியிருக்கிறது. இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. இன்று ஈயத்தை நிறுத்தினால், பிரிட்டனில் ஆனதுபோல ஆற்றடி சுத்தமாகும்வரை காத்திருக்க வேண்டாம்; பலன் சீக்கிரமே தெரியும்.

சரி, ஈயத் தடையை எதிர்ப்பவர்கள் என்ன சொல்கிறார்கள்? ஈயம் நஞ்சு என்பதை அவர்களில் பெரும்பாலோர் மறுக்கவில்லை. தனிப் பறவை சாவது வேறு, இனம் குறைவது வேறு என்பது அவர்கள் வாதம். அமெரிக்கா முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் லூன்கள் குறையவில்லை என்கிறார்கள். பணமும் இதில் இருக்கிறது. 1950ஆம் ஆண்டுச் சட்டப்படி, தூண்டில் சாமான்கள்மீது விதிக்கும் வரி மாநிலங்களின் மீன்வளப் பாதுகாப்புக்குப் போகிறது. சாமான் விலை ஏறி, ஆட்கள் குறைந்தால் அந்த நிதியும் குறையும். இதைச் சாக்கு என்று ஒதுக்கிவிட முடியாது.

ஆனால் மொத்தக் கணக்கு லூனுக்குச் சரிப்பட்டு வராது என்றே எனக்குத் தோன்றுகிறது. லூன் முட்டையிடத் தொடங்க ஆறு வயதுபோல் ஆகிவிடும். ஒரு முறைக்கு இரண்டு முட்டைக்கு மேல் கிடையாது. இருபது வருடத்துக்கு மேல் வாழ்ந்து, மெதுவாகப் பெருகும் இனம் அது. இப்படிப்பட்ட இனத்தில் ஒரு வளர்ந்த பறவை போவது பல வருடக் குஞ்சுகள் போவதற்குச் சமம். சில நூறு இணைகள் மட்டுமே உள்ள ஒரு மாநிலம் நாட்டின் மொத்த எண்ணிக்கையைக் காட்டி ஆறுதல் அடைய முடியாது.

மாற்று உலோகங்களில் எல்லாம் ஏதாவது ஒரு குறை இருக்கிறது. ஈயத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 11.3 கிராம், வெள்ளீயத்துக்கு 7.3. அதே எடைக்கு வெள்ளீயக் குண்டின் கன அளவு ஒன்றரை மடங்குக்கும் சற்று அதிகம். ஆனால் விட்டம் ஏறுவது 16 சதவீதம்தான். சின்னக் குண்டுகளில் அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. டங்ஸ்டன் இதற்கு நேர் எதிர்: அடர்த்தி 19.3 என்பதால் குண்டு ஈயத்தைவிடச் சிறியதாகவே வரும். ஆனால் உருகுநிலை 3,400 டிகிரிக்கும் மேல், அடுப்பில் வார்க்கவே முடியாது. விலையும் அதற்கேற்ப ஏறிவிடும். துத்தநாகம் மலிவாகக் கிடைக்கும் என்றாலும் பறவைக்கு அதுவும் நஞ்சு.

எனவே சண்டை கடைசியில் வரம்பு எங்கே என்பதில் வந்து நிற்கிறது. கனடா தன் தேசியப் பூங்காக்களில் 50 கிராமுக்குக் குறைந்த ஈயத்தை 1997இல் தடுத்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1994இல் நாடு தழுவிய தடையை முன்மொழிந்தது. அது சட்டமாகவே இல்லை. 2017 ஜனவரியில் கூட்டரசின் மீன், வனவிலங்குத் துறை நிலங்களில் ஈயத்தை விலக்க வந்த ஓர் உத்தரவு மார்ச் தொடக்கத்திலேயே ரத்தானது. நியூ ஹாம்ப்ஷயர் 2000இல் சிறு ஈயத்துக்குத் தடை போட்டபோது, முள்ளோடு ஈயத் தலையை வார்த்த ஜிக்குகளை ஒரு அங்குலம் என்று நீளத்தால் அளந்தது. அதைவிட நீளமான ஜிக்கையும் லூன்கள் விழுங்கிக்கொண்டிருந்தன. 2016 முதல் ஜிக்குக்கும் ஒரு அவுன்ஸ் என்ற எடை வரம்புதான். பழைய பெட்டிகளில் மிச்சமிருக்கும் ஈயத்தைக் கொடுத்தால் கடைகளில் மாற்றுச் சாமான் வாங்கச் சீட்டு தரும் திட்டமும் அங்கே நடக்கிறது.