பழைய நிக்கல் நாணயம்: வயதுக்கு யாரும் விலை தருவதில்லை

நாணய மதிப்பீட்டுத் தொழிலில் என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி, "இது எத்தனை வருடப் பழசு தெரியுமா?" என்பதுதான். கேட்பவர் அந்த வயதுக்குள்ளேயே விலையும் அடங்கியிருப்பதாக நம்புகிறார். நிக்கல் நாணயங்களில் இந்த நம்பிக்கை பெரும்பாலும் பலிப்பதில்லை. விலை இல்லை என்று தெரிந்து போவதைவிட எனக்கு வருத்தம் தருவது வேறொன்று: நல்ல விலை பெற்றிருக்க வேண்டிய நாணயம், பளபளக்கத் தேய்க்கப்பட்ட நிலையில் என் மேசைக்கு வருவது.

முதலில் உலோகத்தைப் பார்த்துவிடுவோம். சில்லறைக்காகவே தேர்ந்தெடுக்கப்பட்ட உலோகம் நிக்கல். கடினமானது, எளிதில் தேயாது, வெள்ளியைவிட மிக மலிவானது. அதனால்தான் அரசுகள் அதில் கோடிக்கணக்கில் நாணயம் அடித்தன. அமெரிக்காவின் 5 சென்ட் நாணயம் 1866 முதல் பெரும்பாலும் 75 சதவீதம் செம்பு, 25 சதவீதம் நிக்கல் கலந்த 5 கிராம் வட்டுதான். இந்தக் கலவை காந்தத்தில் ஒட்டாது. சுவிட்சர்லாந்து 1881இல் வெளியிட்ட 20 ராப்பென், கனடாவின் 1922ஆம் ஆண்டு 5 சென்ட், பிரிட்டிஷ் இந்தியாவின் 1947ஆம் ஆண்டு ஒரு ரூபாய் போன்றவை தூய நிக்கல், அவை ஒட்டும். வெள்ளி என்று சொல்லி விற்க வரும் 1947 ரூபாயை ஒரு சிறு காந்தமே காட்டிக் கொடுத்துவிடும்.

ஒரு முக்கியமான விதிவிலக்கு உண்டு. இரண்டாம் உலகப் போரில் நிக்கல் ராணுவத் தேவைக்குப் போனதால், 1942இன் பிற்பகுதி முதல் 1945 வரை அமெரிக்க 5 சென்ட் நாணயத்தில் நிக்கலே இல்லை. 35 சதவீதம் வெள்ளி, மீதி செம்பும் மாங்கனீசும். பின்பக்கத்தில் உள்ள மாளிகைப் படத்தின் கூரைக்கு மேலே பெரிய எழுத்தில் நாணயச்சாலைக் குறி, அதாவது எந்த நாணயச்சாலையில் அடித்தது என்பதைக் காட்டும் எழுத்து, இருந்தால் அது போர்க்கால நாணயம். வெள்ளி இருப்பதால் நன்றாகத் தேய்ந்ததற்கும் ஓர் அடிப்படை விலை கிடைக்கும்.

இனி வயதுக்கு வருகிறேன். 1883இல் அமெரிக்கா புதிய 5 சென்ட் நாணயத்தை வெளியிட்டது. பின்பக்கத்தில் ஐந்தைக் குறிக்கும் ரோமன் எழுத்து மட்டும் இருந்தது. 'சென்ட்' என்ற சொல் இல்லை. அளவும் 5 டாலர் தங்க நாணயத்தை ஒத்திருக்க, சிலர் தங்கமுலாம் பூசி 5 டாலராகத் தள்ளிவிட்டார்கள். அரசு அதே ஆண்டில் சொல்லைச் சேர்த்துத் திருத்தியது. முதல் வடிவம் இனி வராது, அரிதாகிவிடும் என்று நினைத்து மக்கள் அதைப் பதுக்கினார்கள். திருத்திய வடிவத்தை யாரும் எடுத்து வைக்கவில்லை. விளைவு, எல்லாரும் காப்பாற்றிய அந்த முதல் வடிவம் இன்றும் நல்ல நிலையில் ஏராளமாகக் கிடைக்கிறது. செலவழிந்துபோன இரண்டாம் வடிவத்துக்கே புதுக்கருக்கு நிலையில் கூடுதல் விலை. இரண்டுக்கும் ஒரே வயது. எத்தனை அடித்தார்கள் என்பதோடு எத்தனை, எந்த நிலையில் மிஞ்சின என்பதும் சேர்ந்தே விலையை முடிவு செய்கிறது.

இந்த 'நிலை' என்ற சொல்லைத்தான் மக்கள் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். நிலை என்றால் பளபளப்பு அல்ல. அச்சு வந்து மோதிய கணத்தில் உலோகம் பரவி, மேற்பரப்பில் மிக நுண்ணிய கோடுகள் உண்டாகின்றன. நாணயத்தைச் சாய்த்துத் திருப்பும்போது ஒளி சக்கரம் போலச் சுழல்வது அந்தக் கோடுகளால்தான். பாத்திரம் துலக்கும் தூளோ பற்பசையோ அவற்றை ஒரே தேய்ப்பில் அழித்துவிடும். பிறகு எந்த வித்தையாலும் அவை திரும்பாது. பழுப்பும் சாம்பலுமாகப் படிந்த நிறம் அழுக்கல்ல. அந்த நாணயம் தொடப்படாமல் இருந்ததற்கான சாட்சி. சேகரிப்பாளர் பணம் கொடுப்பது அதற்குத்தான்.

1913 முதல் 1938 வரை வந்த எருமை உருவ 5 சென்ட் நாணயத்தில் இன்னொரு வகைச் சேதத்தைப் பார்க்கிறேன். அதில் ஆண்டு பொறித்த இடம் மேடாக இருந்ததால் முதலில் தேய்ந்ததே அதுதான். ஆண்டு அழிந்த நாணயத்தில் அமிலத் துளி விட்டால் எண் மங்கலாகத் தெரியும். ஆண்டு தெரிந்த மகிழ்ச்சியோடு அமிலக் கறையும் நிரந்தரமாகத் தங்கிவிடும். அப்படி வெளிவந்த ஆண்டுக்கு, இயல்பாகத் தெரியும் ஆண்டின் விலையை எந்தச் சேகரிப்பாளரும் கொடுப்பதில்லை.

போலிகளும் இந்த வகையில் அதிகம். 1937இல் டென்வர் நாணயச்சாலையில் ஓர் அச்சை அளவுக்கு மேல் மெருகேற்றியதால் எருமையின் ஒரு முன்னங்கால் மறைந்துபோனது. மூன்று கால் எருமைக்கு நல்ல விலை என்பதால் சாதாரண நாணயத்தின் காலைச் சுரண்டி விற்கிறார்கள். காலை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். உண்மையான நாணயத்தில் வயிற்றுக்குக் கீழே புள்ளிகள் வரிசையாக இறங்கும். அவை அச்சிலேயே இருந்தவை, சுரண்டி உண்டாக்க முடியாது.

1913ஆம் ஆண்டின் சுதந்திர தேவி தலை 5 சென்ட் பற்றியும் அடிக்கடி கேட்கிறார்கள். உலகில் அது ஐந்தே ஐந்துதான், ஐந்தும் கணக்கில் உள்ளவை. அதில் ஒன்றின் உரிமையாளர் 1962இல் கார் விபத்தில் இறந்தபோது, ஆண்டு திருத்தப்பட்ட போலி என்று அதை ஒதுக்கினார்கள். குடும்பம் பல பத்தாண்டுகள் அதை அப்படியே பத்திரமாக வைத்திருந்தது. 2003இல் நிபுணர்கள் மற்ற நான்கோடு ஒப்பிட்டு உண்மையானது என்று உறுதி செய்தார்கள்; 2013இல் 31 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. என்னுடையது உட்பட, ஒரே மதிப்பீட்டாளரின் சொல்லை மட்டும் வைத்து எதையும் தூக்கி எறியாதீர்கள்.

ஆனால் இந்தக் கதைகளையே மோசடிக்காரர்கள் தூண்டிலாக்குகிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். "உங்கள் நாணயத்துக்கு லட்சக்கணக்கில் தருகிறோம், முதலில் பதிவுக் கட்டணம் அனுப்புங்கள்" என்பார்கள். அடுத்து வரி, அடுத்து கமிஷன். 2021 ஆகஸ்டில் இந்திய ரிசர்வ் வங்கியே, தன் பெயரையும் சின்னத்தையும் காட்டிப் பழைய நாணயம், நோட்டுகளுக்குக் கட்டணம் கேட்பவர்களோடு தனக்குத் தொடர்பில்லை என்று எச்சரித்தது. நாணயத்தை வாங்குபவர்தான் பணம் தர வேண்டும். விற்பவரிடம் முன்பணம் கேட்டால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

விலை தேடும்போது, விற்பவர் எழுதி வைத்த தொகையைப் பார்க்காதீர்கள்; ஏலங்களில் விற்று முடிந்த தொகையை, அதே ஆண்டு, அதே நாணயச்சாலைக் குறி, அதே நிலைக்குப் பாருங்கள். காட்ட எடுத்துவரும்போது விளிம்பைப் பிடித்துத் தூக்குங்கள். மென்மையான பிவிசி பிளாஸ்டிக் உறைகளில் இருந்தால் உடனே மாற்றிவிடுங்கள். அந்த உறை நாளடைவில் பச்சைப் பிசினாகக் கசிந்து உலோகத்தை அரிக்கும். ஏற்கெனவே பிசின் படிந்திருந்தால் நீங்களே துடைக்க வேண்டாம், அப்படியே கொண்டுவாருங்கள்.