பச்சிளம் குழந்தையின் செவித்திறன் சோதனை: 1-3-6 விதியும் குறைமாதக் குழந்தைகளும்

பிறந்த குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று பார்க்கப் பல நாடுகளில் பின்பற்றப்படும் விதி 1-3-6. 1 மாதத்துக்குள் முதல் சோதனை, 3 மாதத்துக்குள் குறை உண்டா என்ற உறுதி, 6 மாதத்துக்குள் காது மெஷின் முதலிய உதவி. வீட்டில் கை தட்டிப் பார்ப்பது இதற்கு ஈடாகாது. ஒரு காது மட்டும் கேட்டாலும், கை அசைவைக் கண்டாலும் குழந்தை திரும்பிவிடும்.

நிறைமாதக் குழந்தைக்குப் பெரும்பாலும் ஓஏஇ சோதனை போதும். காதில் சிறு முனையை வைத்து ஒலி செலுத்துவார்கள். உட்காது திருப்பி அனுப்பும் மெல்லிய ஒலியை மைக் பிடிக்கும். பால் குடித்துத் தூங்கும்போது செய்தால் சில நிமிடங்களில் முடியும். பிறந்த முதல் 24 மணி நேரத்தில் காதுக்குழாயில் நீரும் வெண்பிசுக்கும் தங்கியிருக்கும்; அப்போது சோதித்தால் வீணாக ‘ரெஃபர்’ என்று வரும். ரெஃபர் என்றால் காது கேட்காது என்று பொருளல்ல, மறுபடி பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு காதில் மட்டும் வந்தாலும் மறுமுறை இரண்டையும் சோதிக்க வேண்டும்.

குறைமாதக் குழந்தையிடம்தான் தவறு அதிகம் நடக்கிறது. என்ஐசியூவில் (பச்சிளம் குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவு) 5 நாளுக்கு மேல் இருந்த குழந்தைக்கு ஓஏஇ மட்டும் போதாது. உட்காது நன்றாக இருந்து நரம்பு பழுதாகியிருந்தால் ஓஏஇ ‘பாஸ்’ காட்டிவிடும். ஒலிக்கு நரம்பும் மூளைத்தண்டும் தரும் மின் அலையைப் பதிவு செய்யும் தானியங்கி பெரா சோதனை அவசியம். அதில் ரெஃபர் ஆனபின் ஓஏஇ செய்து பாஸ் வாங்கிக்கொண்டு போவது பயனற்றது. ஆடியாலஜிஸ்டிடம் (செவித்திறன் நிபுணர்) முழு பெரா செய்ய வேண்டும். கர்ப்பக் கணக்கில் 34 வாரம் ஆகுமுன் சோதிப்பதும் சரியல்ல, நரம்புப் பாதை முதிர்ந்திராது. உடல்நிலை தேறி, வீட்டுக்கு அனுப்பும் முன் செய்வதே வழக்கம்.

வளர்ச்சியைப் பார்க்கும்போது திருத்திய வயதை, அதாவது பிரசவத்துக்குக் குறித்திருந்த நாளிலிருந்து எண்ணும் வயதைக் கணக்கிடுங்கள். 28 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு 6 மாதம் ஆகும்போது திருத்திய வயது 3 மாதத்தைச் சற்றே தாண்டியிருக்கும்; ஒலி வரும் பக்கம் இன்னும் திரும்பவில்லை என்பதைக் கொண்டு காது கேட்கவில்லை என்று முடிவு கட்டக் கூடாது. அதற்காக ரெஃபர் ஆன குழந்தையின் பெராவைத் தள்ளிப்போடவும் கூடாது.

மூளைக்காய்ச்சல் வந்த குழந்தையை முதல்கட்டச் சோதனைக்கு நிறுத்தாமல் நேரே முழுப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். முன்பு பாஸ் ஆன குழந்தையாக இருந்தாலும், முதல் மாதத்தில் ரத்தம் மாற்றும் அளவுக்கு மஞ்சள் காமாலை வந்தால் பெராவைத் திரும்பச் செய்ய வேண்டும். டிஸ்சார்ஜ் தாளில் எந்தச் சோதனை, எந்தக் காது, என்ன முடிவு என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.