ஒரு ஜெனரேட்டரும் எட்டு மீட்டிங்கும்

கிண்டிப் பக்கம் நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில், பின்பக்க ஷெட்டில் தரையோடு தரையாக இருந்த ஜெனரேட்டரை மேடை கட்டி உயர்த்துவதா வேண்டாமா என்று ஜூன் மாதம் பேச ஆரம்பித்தோம், தீபாவளி ஸ்வீட் பாக்ஸ் வந்தபோதும் பேசிக்கொண்டேதான் இருந்தோம். "இன்னொரு கொட்டேஷன் வாங்கிப் பாருங்க, அடுத்த வாரம் பேசிக்கலாம்" என்பார் எம்.டி. எல்லோரும் நிம்மதியாக டீயைக் குடித்து முடிப்போம்.

விஷயம் அந்த நிம்மதியில்தான் இருக்கிறது. ஒரு லாபம் தரும் சந்தோஷத்தைவிட அதே அளவு நஷ்டம் ஏறக்குறைய இரண்டு மடங்கு வலிக்கும். உளவியலாளர்கள் கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979-ல் எழுதிய கோட்பாட்டின் மையமே இந்த வலிதான். அதிலும், நாம் கை வைத்து வந்த நஷ்டம் ஒரு மாதிரி, சும்மா இருந்து வந்த நஷ்டம் வேறு மாதிரி. 10,000 குழந்தைகளில் 10 பேரைக் கொல்லும் ஒரு காய்ச்சலைக் கற்பனை செய்யச் சொல்லி ரிடோவ், பாரன் என்ற இரு ஆய்வாளர்கள் 1990-ல் கேட்டார்கள். தடுப்பூசியின் ஆபத்து அதைவிடக் குறைவு என்று தெரிந்தும் பலர் போடத் தயங்கினார்கள். மேடை கட்டிக் காசு வீணானால் கையெழுத்துப் போட்டவர் மாட்டுவார், கட்டாமல் ஜெனரேட்டர் முழுகினால் பழி மழைக்குப் போய்விடும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்ததையே கூட்டங்கள் திரும்பத் திரும்பப் பேசும், ஒருவருக்கு மட்டும் தெரிந்தது வெளியே வராது என்று ஸ்டாஸர், டைட்டஸ் என்ற ஆய்வாளர்கள் 1985-ல் நாலு நாலு பேர் குழுக்களை வைத்துக் காட்டினார்கள். எங்கள் மீட்டிங்கில் கதவோரம் எலக்ட்ரீஷியன் அண்ணன் ஒருவர் உட்கார்ந்திருப்பார். எம்.டி. முதலில் செலவைப் பற்றிப் பேசிவிடுவதால் மற்றவர்களும் செலவையே பேசுவோம், அண்ணனை யாரும் கேட்டதில்லை.

எட்டாவது மீட்டிங்கில் அக்கவுண்ட்ஸ் மேடம்தான் ஆளுக்கொரு தாள் கொடுத்து, பேசும் முன்னால் எழுதச் சொன்னார், எம்.டி.யைக் கடைசியாகப் பேசச் சொன்னார். சின்ன மாற்றம்தான், ஆனால் தலைவர் வாயைத் திறந்த பிறகு மாற்றுக் கருத்து சொல்ல இங்கே எத்தனை பேருக்குத் தைரியம் வரும்? அப்புறம், வேண்டிய தகவலில் 70 சதவீதம் கிடைத்ததும் முடிவெடுங்கள் என்று அமேசானை ஆரம்பித்த ஜெஃப் பெசோஸ் தன் பங்குதாரர்களுக்கு எழுதியதையும் சொன்னார். 70-ஐ எந்தத் தராசில் நிறுப்பது என்று என்னைக் கேட்காதீர்கள்.

எலக்ட்ரீஷியன் அண்ணனின் தாளில் ஒரே வரி: "2015 டிசம்பர்ல ஷெட்ல இடுப்பளவு தண்ணி." கறையெல்லாம் பெயிண்டுக்குள் போயிருந்தது. இருபது நிமிடத்தில் முடிவாகிவிட்டது. மேடையின் உயரம் மட்டும் பாக்கி, அதற்கு இன்னொரு மீட்டிங் வைக்கலாமா என்று எம்.டி. இழுத்தார். அண்ணன் எழுந்து நின்று, இடுப்புக்கு ஒரு சாண் மேலே கையை வைத்துக் காட்டினார்.