நாலு புத்தி சொல்லுங்க மேடம்

“இவனுக்கு நாலு புத்தி சொல்லுங்க மேடம்.” ராமேஸ்வரம் தீவின் மீனவ ஊர்களான பாம்பன், தங்கச்சிமடம் பக்கமிருந்து, உளவியல் ஆலோசகரான என்னிடம் மகனைக் கூட்டிவரும் அம்மாக்கள் நாற்காலியில் உட்காரும் முன்பே சொல்வது இது. புத்தி சொல்ல ஊரில் ஆளா இல்லை? படகு முதலாளியான சம்மாட்டி சொல்லியிருப்பார், தாய்மாமன் சொல்லியிருப்பார், பங்குத்தந்தையும் கூப்பிட்டுப் பேசியிருப்பார். அத்தனையும் கேட்டுத் தீர்ந்த பிறகுதான் அந்தப் பையன் என் முன்னால் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறான்.

அதனால் அம்மா சொல்வதைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, வெளியே காத்திருக்கச் சொல்வேன். “பெத்தவளுக்குத் தெரியாம என்ன ரகசியம்?” என்று கோபம் வரும். ஆனால் எல்லோரும் எல்லோருக்கும் சொந்தமான ஊர்களில், வருகிறவரின் முதல் பயமே பேச்சு வெளியே போய்விடுமோ என்பதுதான். இதில் சட்டமும் அவர் பக்கம். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைப்பதை நோயாளியின் உரிமையாக்கியிருக்கிறது. உயிருக்கு ஆபத்து, குழந்தை மீதான பாலியல் கொடுமை போன்ற சில நிலைகளில் மட்டும் நான் வாய் திறந்தாக வேண்டும். அதையும் முதல் நாளே சொல்லிவிடுவேன்.

அப்புறம் என்ன நடக்கும்? பலருடைய கதையைக் கலந்து, அடையாளம் மாற்றிச் சொல்கிறேன். இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டு, சிறையிலிருந்து திரும்பிய ஒரு மீனவர். படகில் கால் வைத்தாலே நெஞ்சு படபடக்கிறது, மூச்சு முட்டுகிறது. வீட்டில் “சோம்பேறி” என்று பெயர். முதலில் ஈசிஜி, தைராய்டு எல்லாம் பார்த்துவிட்டு வரச் சொல்வேன். உடம்பில் காரணம் இருந்தால் அதைப் பேச்சால் சரிசெய்ய முடியாது. உடம்பில் ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகு, அந்தப் படபடப்பு வரும் நிமிடத்தில் மனதில் என்ன ஓடுகிறது என்று கேட்பேன். “செத்துருவேன்னு தோணும்.” அந்த நினைப்பு பயத்தைக் கூட்டுகிறது, பயம் படபடப்பைக் கூட்டுகிறது. படகைவிட்டு இறங்கியதும் நிம்மதி. இறங்கியதால்தான் பிழைத்தோம் என்று மனம் கணக்குப் போட்டுவிடுகிறது. அடுத்த முறை பயம் இன்னும் சீக்கிரம் வருகிறது. இந்தச் சுழலை அவர் வாயாலேயே சொல்லவைத்து, ஒரு தாளில் வரைவோம்.

பிறகு படிப்படியாகப் போவோம். முதலில் படகுத்துறையில் போய் நிற்பது. பிறகு நங்கூரம் போட்ட படகில் உட்கார்ந்து, படபடப்பு தானாக இறங்கும்வரை இருப்பது. பிறகு கரையோரமாக நாட்டுப்படகில் ஒரு சுற்று. எந்தப் படி, எப்போது என்பதை அவர்தான் முடிவு செய்வார். நான் அவசரப்படுத்தினால் அவர் அடுத்த வாரம் வரமாட்டார். சிறை நினைவுகள் தூக்கத்திலும் துரத்தினால் அதற்குத் தனியாக வேலை இருக்கிறது; அதை முதல் சந்திப்பிலேயே கிளற மாட்டேன்.

மாத்திரை நான் எழுதுவதில்லை. அது மனநல மருத்துவரின் வேலை. காதில் குரல் கேட்கிறது, நாள்கணக்கில் தூக்கமே இல்லை, சாக வேண்டும் என்ற எண்ணம் விடாமல் இருக்கிறது என்றால் உடனே அவரிடம் அனுப்பிவிடுவேன்.

மனநோய் தீர வேண்டிக்கொண்டு ஏர்வாடி தர்காவுக்குப் போய் வந்தவர்களும் நிறைய வருவார்கள், சிலர் தயங்கித் தயங்கிச் சொல்வார்கள். வேண்டுதலை விடச் சொல்ல மாட்டேன், மாத்திரையையும் விடாதீர்கள் என்பேன். சங்கிலி மட்டும் கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்து, கட்டிப்போடப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். இன்று மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதைச் சட்டமே தடை செய்கிறது.

வாரம் ஒரு முறை, முக்கால் மணி நேரம் என்பது பொதுவான கணக்கு. இங்கே கடலைப் பார்த்துத்தான் நாள் குறிக்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுக்காரர்கள் ஒழுங்காக வருவார்கள். கடனும் குடியும் வீட்டுச் சண்டையும் கூடவே வரும்.

நேரில் வர முடியாதவர்கள் அரசின் மனநலத் தொலைபேசி சேவையான டெலி மானஸ் உதவி எண் 14416-ஐ அழைக்கலாம். இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். நேரில் யாரிடம் போனாலும் என்ன படித்திருக்கிறார், எங்கே பதிவு செய்திருக்கிறார் என்று கேளுங்கள். கேட்டதற்கு முகம் சுளித்தால் வேறு ஆளைப் பார்க்கலாம்.