ஏடிவியில் ஏறும் முன் பத்து நிமிடம்

போடிமெட்டு ஏறி, மூணாறு அருகே சூரியநெல்லி, சின்னக்கானல் பக்கம் வருகிறவர்களில் பலர், காரை விட்டு இறங்கிய அரை மணி நேரத்தில் ரிசார்ட் மண்பாதையில் ஏடிவி (கரடுமுரடான தரைக்கான, பைக் போல ஹேண்டில் உள்ள நாலு சக்கர வண்டி) ஓட்ட உட்கார்ந்துவிடுகிறார்கள். 17 கொண்டை ஊசி வளைவுகளுக்குப் பயந்து போடியில் போட்ட வாந்தி மாத்திரை அப்போதுதான் நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும். அந்த மாத்திரைகளில் பல, தூக்கம் தருபவை. கை சற்றுத் தாமதமாகத்தான் பிரேக்குக்குப் போகும். ஓட்டுகிறவருக்கே அது தெரியாது. மாத்திரை போட்டவர் மறுநாள் காலையில் ஓட்டட்டும். முந்தின இரவு குடித்தவருக்கு மறுநாள் காலையும் வேண்டாம்.

நாலு சக்கரம் இருக்கிறதே, எப்படிக் கவிழும் என்று கேட்பார்கள். பெரும்பாலான சிறிய ஏடிவிகளில் பின் அச்சு ஒரே தண்டு. இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற வழிவிடும் டிஃபரன்ஷியல், காரில் இருப்பது போல, இதில் கிடையாது. வளைவில் வெளிச்சக்கரம் கூடுதல் தூரம் ஓட வேண்டும். இங்கே இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். அதனால் ஹேண்டிலை மட்டும் திருப்பினால் வண்டி நேராகவே தள்ளிக்கொண்டு போகும். பதறி இன்னும் திருப்பும்போது டயர் சட்டென்று பிடித்து, வண்டி புரளும். வளைவின் உட்பக்கம் உடம்பைச் சாய்த்து, வெளிப்பக்கக் காலால் மிதிதட்டை அழுத்துங்கள். ஏற்றத்தில் முன்னால் குனியுங்கள், இறக்கத்தில் பின்னால் தள்ளி உட்காருங்கள். சரிவின் நடுவில் திரும்பவே வேண்டாம். இதைச் சமதரையில் பத்து சுற்றாவது பழகிவிட்டுத்தான் மேடு ஏற வேண்டும்.

பைக் ஓட்டிப் பழகியவர்களுக்கு ஒரு ஆபத்து கூடுதலாக உண்டு. வண்டி சாய்ந்தால் காலை ஊன்றுவது அவர்களுக்குத் தன்னிச்சையாக வரும். ஏடிவியில் ஊன்றிய கால்மேல் பின்சக்கரம் ஏறிவிடும். கால் எப்போதும் தட்டிலேயே இருக்கட்டும்.

வண்டியைப் பார்க்கும்போது முதலில் டயர். பெரும்பாலும் 3 முதல் 6 பிஎஸ்ஐ காற்றுதான். சரியான அளவு வண்டியில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும். பைக்குக்கு அடிப்பதுபோல் 25, 30 அடித்தால் கல்லில் பந்துபோல் துள்ளும். குறைத்துவிட்டால் வளைவில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். பஞ்சர் கடை மீட்டர் இவ்வளவு குறைந்த அழுத்தத்தைச் சரியாகக் காட்டாது, தனி மீட்டர் வேண்டும். இடமும் வலமும் ஒரே அளவில் இல்லையென்றால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

அடுத்து ஆக்ஸிலரேட்டர். கட்டைவிரலால் அழுத்தி விடும் லீவர் அது. எஞ்சினை அணைத்துவிட்டு, ஹேண்டிலை நேராக, இடக்கோடியில், வலக்கோடியில் என மூன்று நிலையிலும் அழுத்தி விட்டுப் பாருங்கள். விட்டதும் டக்கென்று திரும்ப வேண்டும். மெதுவாக வந்தால் கேபிளில் சேறு அடைத்திருக்கும், அல்லது கேபிள் மடங்கியிருக்கும். அந்த வண்டியைத் தொடாதீர்கள். மணிக்கட்டில் மாட்டும் அவசரக் கயிறு இருந்தால், எஞ்சின் ஓடும்போதே ஒரு முறை இழுத்து, அணைகிறதா என்று சோதியுங்கள். பிரேக், சக்கர நட்டு, செயின் தொய்வு ஆகியவற்றையும் பார்த்துவிடுங்கள்.

ஐஎஸ்ஐ ஹெல்மெட்டைக் கட்டிய பிறகு, வாருக்கும் தாடைக்கும் நடுவே இரண்டு விரலுக்கு மேல் போகக் கூடாது. கணுக்காலை மூடும் ஷூ, முழுக்கை சட்டை, கையுறை அவசியம். மழைக்காலத்தில் அட்டைக்கும் அதுவே காப்பு. துப்பட்டா, சேலை, மடித்துக் கட்டிய முண்டு எதுவும் வேண்டாம், செயினில் சிக்கும். ஒருவருக்கு மட்டுமான வண்டியில் பின்னால் ஆள் ஏற்றுவதும், குழந்தையை முன்னால் உட்கார வைப்பதும் கூடாது. எடை மாறினால் மேலே சொன்ன சாய்வெல்லாம் வீண். 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குப் பெரியவர்களுக்கான வண்டியைக் கொடுக்காதீர்கள்.

தார்ச்சாலையில் இதை ஓட்ட வேண்டாம். மண்ணுக்கான டயர் தாரில் பிடித்துக்கொள்ளும், வளைவில் வண்டி புரளும். கிளம்பும் முன் எஸ்டேட் ஆட்களிடம், "அண்ணே, இன்னிக்கு யானை எந்தப் பக்கம் நிக்குது?" என்று கேளுங்கள். அவர்கள் கைகாட்டும் பக்கம் அன்றைக்குப் போக வேண்டாம். பனிமூட்டம் இறங்கி முன்னால் இருக்கும் செடி மங்கும்போதே வண்டியைத் திருப்பிவிடுங்கள்.