நோய் மீட்சியா, நோயின் மறுதோற்றமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கும் பெரியவர், பல ஆண்டுகள் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், குடலில் நாட்பட்ட அழற்சியும் புண்ணும் உண்டாக்கும் குரோன் நோய்க்காகச் சிறுகுடலின் கடைப்பகுதி நீக்கப்பட்டு வீடு திரும்பியிருக்கிறார். அவருடைய மகள் கொண்டுவந்து காட்டிய துண்டறிக்கையின் தலைப்பு ‘அறுவைக்குப் பின் நோய் மீட்சியும் உணவும்’. உள்ளே, ‘புகைபிடித்தல் நோய் மீட்சியை விரைவுபடுத்தும்’ என்று ஒரு வரி. “அண்ணே, அப்பன்னா சிகரெட்டு புடிச்சா சீக்கிரம் நல்லாயிடுமா?” என்று அவள் கேட்டாள். தமிழ் அறிந்த எவருக்கும் அந்த வரி அப்படித்தான் பொருள்படும். இந்த மொழிபெயர்ப்பை வேறு அறிக்கைகளிலும் பார்த்துச் சலித்துவிட்டேன்.

மூலச் சொல் ஆங்கிலத்தின் ‘ரிகரன்ஸ்’, அதாவது நீக்கிய நோய் மறுபடி வருதல். ‘திரும்ப ஓடிவருதல்’ எனப் பொருள்படும் இலத்தீன் வினையிலிருந்து வந்தது.

‘மீள்’ என்னும் வினைக்குத் திரும்புதல் என்ற பொருள் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. மேயப்போன மாடு மாலையில் மீளும். ஆனால் நோய், கடன், சிறை போன்ற துன்பங்களோடு அந்த வினை சேரும்போது மீள்பவர் துன்பப்பட்டவரே அன்றித் துன்பம் அன்று. நோயிலிருந்து மீண்டார் என்கிறோம். அடகு வைத்த தாலியை மீட்டாள் என்கிறோம். நலிந்த வணிகம் நிமிர்வதை நாளிதழ்கள் பொருளாதார மீட்சி என்று எழுதுகின்றன. அதே சொல்லை, நீக்கிய நோய் மறுபடி வருவதற்கும் வைத்தால், நலத்துக்கும் அதன் எதிர்ப்பொருளுக்கும் ஒரே பெயராகிவிடும். ‘மீள்வு’ என்று திருத்துவோரும் இதே குழியில்தான் விழுகிறார்கள். நம் தமிழ்ப்பள்ளி நூல்களில் வரும் ‘மீள்பார்வை’ பிழையன்று, ஏனெனில் அங்கே ‘மீள்’ வெறும் அடைமொழி. அதைப் பொதுவிதியாக்கி, ‘ரி’ என்னும் ஆங்கில முன்னொட்டைக் கண்ட இடமெல்லாம் ‘மீள்’ என்று ஒட்டும் பழக்கமே குற்றம். மொழிபெயர்ப்பவர் தாம் எழுதிய வரியை ஒருமுறை வாய்விட்டுப் படித்திருந்தால் இது நேர்ந்திராது.

மாற்றாகச் சொல்லக்கூடிய ‘மறுநிகழ்வு’ தீங்கற்றது, ஆனால் பொருந்தாதது. நிகழ்வு என்பது ஒரு நாளில் நடந்து முடிவது. குரோன் நோய் அப்படி வருவதில்லை. நோயுற்ற பகுதியை நீக்கிக் குடலை இணைத்தபின், பெரும்பாலும் இணைப்புக்குச் சற்று மேலே, சிறுகுடற் பக்கத்தில் புதிய புண்கள் அரும்புகின்றன. வலியும் வயிற்றுப்போக்கும் தொடங்குவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே அவை உள்நோக்கிக் கருவிக்குத் தெரிந்துவிடும். அறுவைக்குப் பின் 6 முதல் 12 மாதங்களுக்குள் குடலைப் பார்த்துவிட வேண்டும் என்று மருத்துவர்கள் வற்புறுத்துவது அதனால்தான். முதலில் கருவிக்கும் பிறகு உடலுக்கும் தோன்றுகிற ஒன்றுக்கு ‘மறுதோற்றம்’ என்பதே என் தேர்வு. நீக்கப்படாமல் மருந்தால் தணிந்திருந்த நோய் மறுபடி சீறுவது வேறு. அதற்கு ‘மறுகிளர்ச்சி’ என்று தனிச்சொல் வேண்டும். இரண்டையும் அறிக்கை ஒரே சொல்லில் அடைத்திருக்கிறது.

உணவு இங்கே ஏன் பேசப்படுகிறது என்பதற்கும் காரணம் உண்டு. இணைப்புக்கு மேலே மலத்தை வெளியே திருப்பிவிட்ட சிலருக்கு அவ்விடத்தில் புண் தோன்றவில்லை என்றும், போக்கை மறுபடி இணைத்தபின் தோன்றியது என்றும் 1991இல் பெல்ஜிய மருத்துவர்கள் எழுதினார்கள். குடலுக்குள் செல்வதற்கும் மறுதோற்றத்துக்கும் தொடர்புண்டு என்பது அதில் தெளிவாகிறது. ஆயினும் இன்ன உணவை உண்டால் நோய் தோன்றாது என்று உறுதியாகச் சொல்லும் நிலை இல்லை. புகைபிடித்தலின் தீங்குதான் உறுதியானது. அறிக்கையில் ‘டயட்’ என்று கிடப்பதைப் ‘பத்தியம்’ என்றே எழுதியிருக்கலாம். பத்தியம் மருந்துக்குத் துணையாக இருப்பது, மருந்துக்கு மாற்றாக வருவதன்று என்பது நம் வீடுகளில் எல்லாருக்கும் தெரியும்.

அந்த வரியை அடித்து, ‘புகைபிடித்தால் நோய் மறுபடி தோன்றும் வாய்ப்பு கூடும்’ என்று எழுதிக் கொடுத்தேன். அவள் படித்துவிட்டு, “திரும்ப மொளச்சிடும்கிறாங்க, அப்பாகிட்ட சொல்லிடுறேன்” என்றாள்.