பிள்ளையின் யோசனைக்கு 10,000 ரூபாய்: இன்ஸ்பயர் மானக் திட்டம்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் உங்கள் பிள்ளை ஆறு, ஏழு, எட்டாம் வகுப்பில் படித்தால், இன்ஸ்பயர் மானக் பற்றிப் பள்ளியில் அவசியம் விசாரியுங்கள். பிள்ளைகள் சொந்தமாக யோசித்த கண்டுபிடிப்புகளுக்குப் பணம் தரும், மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் திட்டம் இது. அரசுப் பள்ளியோ தனியார் பள்ளியோ, அங்கீகாரம் இருந்தால் சரி. பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கும் இடம் உண்டு.

பெற்றோர் நேரடியாக விண்ணப்பிக்க முடியாது. பள்ளிதான் இணையத்தில் பதிவு செய்து, ஐந்து யோசனைகள் வரை அனுப்பலாம். தேர்வானால் பிள்ளையின் வங்கிக் கணக்குக்கே 10,000 ரூபாய் வரும். மாதிரியைச் செய்து மாவட்டக் கண்காட்சிக்குக் கொண்டுபோகத்தான் அந்தப் பணம். அப்புறம் மாநிலம், தேசியம் என்று சுற்றுகள் உண்டு. தேசியச் சுற்றுக்குப் போகிறவர்களுக்கு மாதிரியை மேம்படுத்த வல்லுநர்கள் உதவுவார்கள்.

சரி, எதை அனுப்புவது? கடையில் வாங்கிய எரிமலை மாதிரி இங்கே எடுபடாது. யோசனை புதிதா, மக்களுக்குப் பயன்படுமா, சுற்றுச்சூழலுக்குக் கேடில்லாததா, கையாள எளிதா, இப்போது இருப்பதைவிட மேலானதா என்றுதான் பார்க்கிறார்கள்.

அதற்கு நம் ஊரிலேயே விஷயம் கொட்டிக் கிடக்கிறது. ஆத்தங்குடித் தரைக்கல் பட்டறைக்குப் பிள்ளையைக் கூட்டிப்போங்கள். கண்ணாடிமேல் அச்சை வைத்து, கலர் சிமெண்டுக் குழம்பை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்துவார்கள். பிறகு கல்லைத் தண்ணீரில் ஊறவைப்பார்கள். எல்லாம் கைவேலை. குனிந்து குனிந்து கல்லைத் தூக்குகிறவரிடம் எங்கே வலிக்கிறது, எப்போது கல் உடைகிறது என்று பிள்ளையே கேட்கட்டும். அட்டையும் கயிறும் பழைய சைக்கிள் சக்கரமும் வைத்து கல்லைத் தூக்க உதவும் ஒரு கருவியைச் செய்து பார்க்கட்டும். முதலில் செய்தது சாய்ந்துவிழும். ஏன் விழுந்தது என்று நோட்டில் எழுதி, மாற்றிச் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் செய்து கொடுக்காதீர்கள். அந்த யோசனை பிள்ளையுடையதாக இருப்பது முக்கியம்.

அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை, பிள்ளைகள் அறிவியலையும் கணிதத்தையும் செய்து பார்த்துக் கற்க 2022-இல் தமிழக அரசு தொடங்கிய வானவில் மன்றமும் இருக்கிறது. சோதனைப் பொருட்களோடு பள்ளிக்கு வரும் கருத்தாளரிடம் இந்த மாதிரியைக் காட்டி யோசனை கேட்கலாம்.

கடைசித் தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஜூனில் பள்ளி திறந்ததுமே தலைமையாசிரியரைப் பாருங்கள். பள்ளி இன்னும் பதிவு செய்யவில்லை என்றால் செய்யச் சொல்லுங்கள். ஒரு யோசனையோடு நிறுத்திவிடாமல், ஐந்து இடத்தையும் நிரப்பச் சொல்லுங்கள்.